ஊர்சுற்றியின் மணல்
சென்னையில் மூன்று பொங்கல் நாட்கள் குறித்துச் சில குறிப்புகள்

பொங்கலுக்கு முந்தின நாள் சென்னையே மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே போகிறது. அன்றைக்கு நான் வடக்கே வந்தேன். தாம்பரத்தில் எதிர் நடைமேடையில் கூட்டம் கால்வைக்க இடமின்றி நின்றுகொண்டிருக்க, என் பெட்டியில் ஏழெட்டுப் பேர்தான். வீட்டில் கிளம்பும்போதே வசவு. "பொங்கலுக்கு ஊருக்கு வாரவனப் பாத்திருக்கோம், ஊரவிட்டுப் போறவன இப்பத்தாம்ல பாக்கோம்" என்றார் சித்தப்பா. நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கிறது என்று சொல்லி வைத்தேன். பொய்யில்லை, முழு உண்மையுமில்லை. 2009இல் தமிழ் எம்.ஏ. படிக்கச் சென்னைக்கு வந்தவன் 2014 வரை திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் கிடந்தேன். படிப்பு முடிந்ததும் பிழைதிருத்துகிற வேலை. பிறகு தென்மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வாத்தியார். இடையில் இங்கு வந்ததெல்லாம் ஆர்ப்பாட்டம், கருத்தரங்கு, அன்றிரவே ரயில் என்று கழிந்தது. சும்மா சுற்றுவதற்கென்றே வந்தது இதுதான் முதல் தடவை.

'சும்மா சுற்றுவது' என்று எழுதும்போதே கை கூசுகிறது. நம் பத்திரிகைகளில் பெருநகரம் என்றாலே அந்நியமாதல், சுரண்டல், நுகர்வு வெறி, சாக்கடை. இவை எதுவும் பொய்யல்ல. ஆனால் நகரம் தருகிற இன்பத்தைப் பற்றிப் பேசினால் மட்டும் தோழர்களின் புருவம் உயர்கிறது. உலகமயத்துக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்கிறார்கள். எதிரே கிராமம் என்கிற ஒன்றை, வரப்பு, வாய்க்கால், வேப்பமரம் சகிதமாக, இழந்துபோன சொர்க்கமாக நிறுத்தி வைத்துக்கொண்டு நகரத்தை ஏசுவது இங்கே இடதுக்கும் வலதுக்கும் பொதுவான பழக்கம். நகர இன்பங்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அது பெரும்பாலும் போராட்ட வரலாறு என்பதுதான் மூன்று நாட்கள் சுற்றிய பிறகு எனக்குப் படுவது. அந்த வரலாற்றை எழுதாமல் விட்டதனால்தான் அந்த இன்பங்கள் ஒவ்வொன்றாகப் பறிபோகும்போது அது ஒரு இழப்பு என்று கூட நமக்கு உறைப்பதில்லை.

எழும்பூரில் இறங்கி நடந்தேன். பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகம் விடுமுறைக்காகப் பூட்டிக் கிடந்தது. 1896இல் திறந்தது. எம்.ஏ. காலத்தில் மின்விசிறிக்காகவும் கழிப்பறைக்காகவும் கூட அங்கே போயிருக்கிறேன், படிக்க மட்டுமில்லை. புதுப்பேட்டையில் பழைய கார்களின் வயிற்றைப் பிளந்து போட்டிருக்கிற கடைகள் பாதி சாத்தியிருந்தன. கூவத்தைத் தாண்டி, அண்ணா சாலையைக் கடந்து, திருவல்லிக்கேணிக்குள் நுழைகிற வரை ஒருவரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கலாம். எங்கள் ஊர் நெல்லைச் சீமையில் பஸ் கடைசியாக நின்று திரும்புகிற ஊர். அங்கே எந்தத் தெருவில் புதிதாகக் கால்வைத்தாலும் ஒரு திண்ணையிலிருந்து குரல் வரும். "ஏலே, நீ யாரு மவன்?" கேட்பவருக்குப் பெயர் தேவையில்லை, தெரு தேவை. தெரு தெரிந்தால் மற்றதெல்லாம் தெரிந்துவிடும். என் தாத்தா மேலத்தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். நான் அதைப் பார்த்ததில்லை, அப்பா பார்த்திருக்கிறார். அந்தத் தெரு முடிந்ததும் தாத்தா செருப்பைத் தரையில் போடுகிற சத்தம் மட்டும் தனக்கு இன்னும் கேட்கிறது என்பார். 2009இல் முதன்முதலாகத் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இரவு பதினொரு மணிக்குச் செருப்புக் கால்களோடு, எந்த வேலையும் இல்லாமல், எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்தபோது எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை எந்த இலக்கிய வகைக்குள் வைப்பது என்று இன்று வரை தெரியவில்லை.

நகரத்தில் நோக்கமின்றித் திரிபவனை வால்ட்டர் பெஞ்சமின் நவீனத்துவத்தின் முக்கிய உருவமாகக் கண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரீசின் கண்ணாடிக் கூரையிட்ட கடைவீதிகளில், போதலேரை முன்வைத்து, அவர் வரைந்து காட்டிய 'ஃப்ளானேர்' நம் கோட்பாட்டுக் கட்டுரைகளிலும் நிறையவே உலவிவிட்டான். அவனைத் தமிழில் என்ன சொல்வது? ஊர்சுற்றி, பொறுக்கி, வெட்டிப்பயல், நாடோடி. எல்லாமே வசவு. ராகுல சாங்கிருத்யாயனின் நூலுக்கு 'ஊர்சுற்றிப் புராணம்' என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் அந்த வசவைத் திருப்பிப் போட்டார்கள், அதற்காக அவர்களை வாழ்த்தலாம். ஆனால் பாரீசின் ஊர்சுற்றிக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தெரு தன்னுடையதா என்கிற கேள்வியே அவனுக்கு எழவில்லை. இங்கே தெருவில் நடப்பதற்கே சட்டசபையில் தீர்மானம் போடவேண்டியிருந்தது.

தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி, சென்னைச் சட்டசபையில் நியமன உறுப்பினராக இருந்த இரட்டைமலை சீனிவாசன் 1924 ஆகஸ்டில் கொண்டுவந்த தீர்மானத்தைச் சொல்கிறேன். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் நகரத்திலும் பொதுச்சாலை, தெரு, பாதை வழியாக நடக்கலாம், பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடுகிற பொது இடங்கள் இவற்றை மற்றவர்களைப் போலவே பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தலித் அரசியல் வரலாற்றில் இது பேசப்படுகிறது. நகரத்தின் வரலாற்றில், நவீனத்துவத்தின் வரலாற்றில் ஏன் பேசப்படுவதில்லை? கிணறும் குளமும் உயிர்வாழ. 'மக்கள் கூடுகிற பொது இடங்கள்' எதற்கு? வேடிக்கை பார்க்க, காற்று வாங்க, நாலு பேரோடு நிற்க. தண்ணீருக்கான உரிமையோடு ஒரே மூச்சில் வேடிக்கைக்கான உரிமையையும் கேட்டவரை நான் இந்த நகரத்தின் முதல் கோட்பாட்டாளர் என்பேன். 1893இலேயே 'பறையன்' என்று பெயரிட்டு இந்த நகரத்திலிருந்து பத்திரிகை நடத்தியவர் அவர். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழ'னை ஆரம்பித்தது நான் தங்கியிருந்த இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ராயப்பேட்டையில். பைசா கொடுத்தால் யாரும் வாங்கிப் படிக்கலாம் என்பதும் ஒரு தெருதான்.

தீர்மானம் நிறைவேறி ஐம்பது வருஷம் கழித்தும் என் தாத்தாவின் செருப்பு கக்கத்தில்தான் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே நகரம் தானாகவே சாதியைக் கரைக்கும் என்கிற நம்பிக்கை எனக்கு இல்லை. சென்னை பிறந்ததே தெருவைப் பிரித்துத்தான். கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணம், வெளியே கறுப்பர் பட்டணம். கறுப்பர் பட்டணத்துக்குள் வலங்கை, இடங்கை. 1707இல் இரு கையினரும் மோதிக்கொண்டபோது எந்தத் தெரு யாருக்கு என்று பங்கு பிரித்துக் கொடுப்பது கவர்னர் தாமஸ் பிட்டின் தலையாய வேலையாக இருந்தது. நான் மேன்ஷனில் கிடந்ததும் ரசனையால் அல்ல. வீடு தேடிப் போன இடங்களில் 'நீங்க என்ன ஆளுங்க' என்கிற கேள்வி 'வெஜிடேரியனா?' என்று வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. தெருவில் கேட்காத கேள்வியை வாசற்படியில் கேட்டார்கள். ஆனாலும் தெருவில் கேட்கவில்லை அல்லவா? அந்தச் சிறு இடைவெளிதான் என் பேச்சு.

நடந்து நடந்து பசித்தது. திருவல்லிக்கேணியில் சாப்பிட உட்கார்ந்தால் எனக்கு 1957 ஞாபகம் வரும். முரளி கபே என்று ஒரு ஓட்டல், பலகையில் 'பிராமணாள்'. அதை அழிக்கச் சொல்லிப் பெரியார் ஆரம்பித்த மறியல் மாதக்கணக்கில் நடந்தது. நாள்தோறும் ஆட்கள் வந்து நின்று கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் பலகையிலிருந்து போனது. அதற்கு முன் 1941இல் ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணர்க்குத் தனி இடம் என்கிற ஏற்பாடு ஒழிந்தது. இவற்றையெல்லாம் சுயமரியாதை என்கிற தலைப்பில் படித்திருக்கிறோம், சரிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அது ஒரு காபி குடிக்கிற இன்பத்துக்கான போராட்டமும் கூட. வீட்டில் குடித்துக்கொள்ளலாமே என்று அன்றைக்கும் கேட்டிருப்பார்கள். வெளியில், முன்பின் தெரியாதவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் குடித்த அதே டம்ளரில் குடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை இழிவென்று நினைப்பவர்கள் இருக்கிற சமூகத்தில் அந்தச் சுகம் அரசியல்தான்.

சினிமாக் கொட்டகையைப் பற்றி கா. சிவத்தம்பி 1981இல் சொன்னது இந்த இடத்தில் பொருந்தும். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகை, அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சாதிப் படிநிலை அல்ல, வாங்கும் சக்தி என்றார். வாங்கும் சக்திக்கும் சாதிக்கும் உறவே இல்லையா என்று மடக்கலாம். மடக்க வேண்டியதுதான். தரை டிக்கெட்டில் யார், பால்கனியில் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் காசு கொடுத்தவனை எழுப்பிவிட முடியாது என்பது ஒரு ஊர்க்கோயிலில் கிடைக்காத உத்தரவாதம். அண்ணா சாலையில் 1913இல் எலெக்ட்ரிக் தியேட்டர் இருந்த கட்டிடம் தபால்தலை விற்கிற இடமாகத் தப்பித்திருக்கிறது. கெயிட்டி, வெலிங்டன் போன இடம் தெரியவில்லை. அவற்றுக்குப் பதிலாக வந்திருக்கிற மால்களில் டிக்கெட்டுக்கு முன்னால் பையைத் திறந்து காட்ட வேண்டும். நான் போய்ப் பார்த்தேன். காவலாளி என் பையைவிட என் செருப்பை அதிக நேரம் பார்த்தார். (அவர் ஒரிசாக்காரர், என்னைவிடக் குறைவான சம்பளம். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.)

இரண்டாம் நாள் வடக்கே போனேன். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார். 1962க்குப் பிறகு நெ வின் ஆட்சியில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்களுக்காக 1969இல் நடைபாதையில் போட்டுக் கொடுத்த கடைகள். நான் படித்த காலத்தில் அங்கே சீனச் செல்போனும் திருட்டு டிவிடியும். இன்னும் செல்போன் இருக்கிறது. அதன் பின்னால் இரண்டாவது கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆனால் தள்ளுவண்டிகளில் அத்தோ. மஞ்சள் நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், தட்டை உடைத்துப் போட்டு, வாழைத்தண்டு சூப் தொட்டுக்கொள்ள. பண்டிகையானதால் இரண்டே வண்டிகள். அகதிகளாக வந்தவர்கள் கொண்டுவந்த சோறு மூன்று தலைமுறையில் வடசென்னைச் சாப்பாடாகிவிட்டது. தமிழ்ப் பண்பாட்டு உணவு என்று எந்த விழாவிலும் இதை வைக்க மாட்டார்கள். வண்டிக்காரர் "காரம் தூக்கலா போடவா ணா?" என்று கேட்டதோடு சரி. அதுவும் ஒரு கேள்விதான், ஆனால் இப்படிப்பட்ட கேள்விகளுக்காகத்தான் நகரத்துக்கு வருகிறோம்.

சென்ட்ரல் பக்கம் திரும்பும்போது மூர் மார்க்கெட் இல்லாத இடத்தைப் பார்த்தேன். 1900இல் திறந்து 1985 மே மாதம் எரிந்துபோனது. நான் பிறப்பதற்கு முன்பே சாம்பலானதை நான் இழந்ததாகச் சொல்வது போலித்தனம். ஆனால் என் ஆசிரியர்களில் ஒருவர் தன் நூலகத்தில் பாதியை அங்கேதான் எடைக்கு வாங்கியதாகச் சொல்வார். ஒரு புத்தகம் யார் வீட்டிலிருந்து எப்படி வந்தது என்று தெரியாமல் கைமாறுவதும் பெயர் கேட்காத தெருவின் இன்னொரு வடிவம்தானே. எரிந்த இடத்தில் ரயில் முன்பதிவுக் கட்டிடம் நிற்கிறது. பிழைத்த கடைக்காரர்களுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கிடைத்தது. பாரதி சாலை நடைபாதையில் இன்னும் பழைய புத்தகங்கள் இருக்கின்றன. அன்றைக்கும் ஒரு பெரியவர் கடை போட்டிருந்தார். "பொங்கலுக்கு ஊருக்குப் போகலையா?" என்றேன். "இதான் ஊரு" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. பொங்கலன்று சென்னை காலியாகிவிட்டது என்று தொலைக்காட்சிகள் வருஷா வருஷம் அண்ணா சாலையைப் படம்பிடித்துக் காட்டுகின்றன. காலியாகவில்லை. போக வேறு ஊர் இல்லாதவர்கள் எல்லாரும் இங்கேயேதான் இருக்கிறார்கள். குப்பங்களிலும், சேரிகளிலும், கூவம் கரையிலும், வியாசர்பாடியிலும், புளியந்தோப்பிலும். கோட்டை கட்டுவதற்கு முன்பிருந்தே கடலில் கட்டுமரம் தள்ளியவர்களின் பேரப்பிள்ளைகளை 'காலி' என்கிற சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். என்னைப்போல் வந்து போகிறவர்கள்தான் 'சென்னையைக் காதலிக்கிறேன்' என்று எழுதுகிறோம். இவர்கள் எழுதுவதில்லை. காணும் பொங்கலன்று கடற்கரைக்கு வருகிறார்கள்.

கடற்கரையின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மெரினா என்று பெயர் வைத்து, நடைபாதை அமைத்தவர் கவர்னர் கிராண்ட் டஃப், 1884இல். சிசிலி ஞாபகமாம். பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆனால் அவர் நடைபாதை போட்ட மணல் எப்படி வந்தது? நம் கிழக்குக் கரையில் கடல் நீரோட்டம் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக மணலைத் தள்ளிக்கொண்டு போகும். 1870களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டியதும் அந்த மணல் சுவருக்குத் தெற்கே தங்க ஆரம்பித்தது. தங்கித் தங்கி அகண்ட மெரினா ஆனது. சுவருக்கு வடக்கே மணல் போய்ச் சேரவில்லை. அங்கே கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் வீடுகளும் தெருக்களும் அலைக்குப் போய், இன்று கரை முழுக்கப் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து காற்று வாங்க மணல் இல்லை. ஆகவே நாம் கால் புதைத்து நடக்கிற மணல் வடசென்னைக்குப் போயிருக்க வேண்டிய மணல். இதைத் தெரிந்துகொண்டபின் மெரினாவில் உட்காராமல் இருந்துவிட முடியுமா என்றால் முடியவில்லை. உட்கார்ந்தேன். ஆனால் சும்மா உட்கார்ந்ததாகச் சொல்ல முடியாது.

சிசிலி நினைவில் உலாவுவதற்காக உண்டாக்கிய கரையை வேறொன்றாக மாற்றியவர்கள் இங்கே கூடியவர்கள். 1907இல் விபின் சந்திர பாலின் பேச்சைக் கேட்கக் கூடினார்கள். 1923 மே முதல் நாள், இந்தியாவில் முதல் மே தினத்தை சிங்காரவேலர் இந்த நகரத்தின் இரண்டு கடற்கரைகளில், உயர்நீதிமன்றம் எதிரிலும் திருவல்லிக்கேணியிலும் கொண்டாடினார். மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் மேதினத்துக்குக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தது தற்செயலா? மண்டபத்துக்கு வாடகை வேண்டும், மணலுக்கு வேண்டாம். 1959இல் வைத்த உழைப்பாளர் சிலை, தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்தது, நாலு பேர் ஒரு பாறையை நகர்த்துகிறார்கள். எம்.ஏ. நாட்களில் அதன் கீழ் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். அப்போது தோன்றாதது இப்போது தோன்றியது. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது, இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று என்று நாம் பெருமை கொள்கிற சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் போராட்டத்தின்போது, சாதி இந்துத் தொழிலாளருக்கும் ஆதிதிராவிடருக்கும் இடையே பாறை நகராமல் நின்றது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. கூடுவது என்பதே ஒற்றுமை ஆகிவிடாது. ஆலை 1996இல் மூடிவிட்டது.

கூடுகிற இடத்தை அதிகாரம் எப்போதும் 'அழகு' என்கிற சொல்லால்தான் தொடுகிறது. 1985இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கடற்கரையை அழகுபடுத்த என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப்போய் அது துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது, மீனவர்கள் செத்தார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக ஒரு வாரம் இந்த மணலில் தூங்கிய கூட்டத்தில் நானும் ஒரு இரவு இருந்தேன். ஜல்லிக்கட்டு மேல் எனக்கு மரியாதை கிடையாது, எந்தச் சாதியின் காளை எந்தச் சாதியின் வாடி என்பது தெற்கத்தியானுக்குத் தெரியும். ஆனால் பெண்கள் நள்ளிரவில் பயமின்றித் திறந்த வெளியில் தூங்கியதை அன்றுதான் முதலில் பார்த்தேன். மேன்ஷன் காலத்தில் நான் அனுபவித்த பதினொரு மணி நடை ஒரு ஆணின் நடை என்பதும் அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. 23ஆம் தேதி கூட்டத்தைக் கலைத்தார்கள். ஓடிவந்தவர்களுக்குக் கதவு திறந்தது நடுக்குப்பம். அந்தக் குப்பத்து மீன் சந்தைதான் எரிந்தது. போலீஸ்தான் கொளுத்தியது என்று பெண்கள் சொன்னார்கள். அதன்பின் மெரினாவில் போராட்டம் என்கிற பேச்சுக்கே இடமில்லை. 2018இல் விவசாயிகள் கேட்ட அனுமதிக்கு முதலில் ஒரு நாள் மட்டும் என்றது உயர்நீதிமன்றம், பிறகு மேல்முறையீட்டில் அதுவும் போனது. 2023இல் நொச்சிக்குப்பம் சாலையோர மீன்கடைகள் ஆக்கிரமிப்பு என்றார்கள். குப்பத்தின் முற்றத்தில் சாலையைப் போட்டுவிட்டு, முற்றம் சாலையை ஆக்கிரமித்துவிட்டதாகச் சொல்வது! இப்போது 2024இல் திறந்த புதிய அங்காடிக்குள் மீன் விற்கிறார்கள். சுத்தமாக இருக்கிறது. வஞ்சிரம் வாங்க வந்தவர்கள் பேரம் பேசுவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன், குரல் மட்டும் பழைய குரல்தான்.

மூன்றாம் நாள் காலை அக்காவைத் தேடிப் போனேன். கூவம் கரையோரம் டீக்கடை வைத்திருந்தவர். எனக்கு ஐந்து வருஷம் கடனில் டீயும் சில சமயம் மீன் குழம்பும் கொடுத்தவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றைச் சீரமைக்கிறோம் என்று கரையை ஒழித்தபோது பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மெரினாவிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். பறக்கும் ரயிலில் திருவான்மியூர் வரை போய் அங்கிருந்து பஸ். பறக்கும் ரயிலே பக்கிங்காம் கால்வாயின் மேல், அந்தக் கரையில் இருந்தவர்களை நகர்த்திவிட்டு வந்ததுதான். 1995இல் சேப்பாக்கம் வரை, 2007இல் வேளச்சேரி வரை. ஆளில்லாத அதன் பிரம்மாண்டமான நிலையங்களில் காதலர்கள் உட்கார்ந்திருப்பது மட்டும் மாறவில்லை. நகரத்தைத் திட்டமிட்டவர்கள் நினைக்காத ஒரு நல்ல காரியம்.

எட்டு மாடிக் கட்டிடங்கள் வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே முகம். லிப்ட் ஓடவில்லை. ஆறாவது மாடியில் கதவைத் தட்டினேன்.

"இன்னாப்பா, உசுரோட கீறியா?"

கன்னத்தைத் தடவிப் பார்த்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. வீடு கான்க்ரீட், தண்ணீர் வருகிறது, கழிப்பறை உள்ளேயே இருக்கிறது. இதை அவரே முதலில் சொன்னார், நான் குறை சொல்லிவிடுவேனோ என்று. பிறகு, "ஆனா இங்க யாரு டீ குடிக்கிறா? அல்லாரும் அவங்கவங்க ஊட்ல குடிச்சிக்கிறாங்கோ. கடை போட்டா போறவன் வர்றவன் வேணும்ல? இங்க போறவனும் இல்ல, வர்றவனும் இல்ல" என்றார். நகரம் என்றால் என்ன என்று நான் படித்த எந்த விளக்கமும் இதற்கு இணையாகாது. இப்போது பழைய வீட்டு வேலைக்கே போகிறார். விடியற்காலை பஸ், ஒன்றரை மணி நேரம். 2021இலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் கட்டுப்படியாகிறது. "அத்த மட்டும் நல்லதா செஞ்சாங்கோ" என்றார்.

"வா, பீச்சுக்குப் போலாம். புள்ளைங்க காலைலேர்ந்து குந்திக்கினு கீது."

காணும் பொங்கலன்று அந்த வளாகத்திலிருந்து புறப்படுகிற பஸ்ஸில் ஏறியதை ஒரு சாகசம் என்றே சொல்ல வேண்டும். தூக்குவாளியில் புளிசோறு, வறுத்த மீன், கரும்புத் துண்டுகள். பின்பக்கம் பையன்கள் பஸ் தகரத்தில் தாளம் போட்டு கானா பாட, நடத்துநர் இரண்டு தடவை அதட்டிவிட்டு மூன்றாவது தடவை தானும் சிரித்துவிட்டார். அடையாறு தாண்டியதும் பேச்சே மாறிவிட்டது. எங்கே எது இருந்தது, யார் வீடு எந்த மூலையில் என்று ஒவ்வொருவரும் ஜன்னல் வழியாகக் காட்ட ஆரம்பித்தார்கள். அக்கா எதுவும் காட்டவில்லை. பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

மெரினாவில் தலைகள்தான். கடலுக்கு முன்னால் சவுக்குக் கட்டை நட்டுத் தடுப்பு, யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. தொலைந்து போகாமலிருக்கக் குழந்தைகளின் கையில் போலீஸ்காரம்மா ஒருவர் பெயரும் போன் நம்பரும் எழுதின பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். "பேரு? அப்பா பேரு? எந்த ஏரியா?" அக்கா தன் பேத்திக்கு அப்பன் பெயரையும் நம்பரையும் சொன்னார். ஏரியாவுக்கு வந்தபோது கொஞ்சம் தயங்கி, பழைய தெருவின் பெயரைச் சொன்னார். ஒன்பது வயதுப் பெண், "ஆயா, அது இல்ல, பெரும்பாக்கம்" என்றது. "எய்துங்க மேடம், நா சொன்னத எய்துங்க" என்றார் அக்கா.

உட்கார இடம் பிடித்து, சோறு தின்று, பஜ்ஜி வாங்கி, ராட்டினத்துக்கு வரிசையில் நின்று, இருட்டிவிட்டது. மணலில் பக்கத்துக் குடும்பத்தின் தூக்குவாளியிலிருந்து எங்கள் தட்டுக்கு இரண்டு இறால் வந்தது, எங்களிடமிருந்து கரும்பு போனது. யார், எந்த ஊர் என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்றிரவு எனக்கு ரயில். அக்கா கிளம்ப விடவில்லை, "இன்னும் ஒரு ரவுண்டு குந்துப்பா" என்று இழுத்து உட்கார வைத்தார். ஒன்பது மணிவாக்கில் விசில் ஊத ஆரம்பித்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் பேத்தியின் பாவாடையில் ஒட்டியிருந்த மணலை நான் தட்டிவிடப் போனேன்.

"வுடு, அது பாட்டுக்கு வரட்டும்" என்றார் அக்கா.